பாலுக்குள் டார்ச்

எம்பராரா நகரில் எங்கள் பால் ஆலைக்கு இன்ஜினியராக வந்த கெம்பபாசி, கொஞ்ச நாளிலேயே ஓடுகிற பாலுக்குள் வெளிச்சம் பாய்ச்சும் கருவி ஒன்றைக் குழாயில் பொருத்தினாள். கொழுப்பை நசுக்கிப் பொடித் துளிகளாக்கும் ஹோமோஜனைசருக்கு அடுத்த குழாய் அது. துளி பொடியாக இருந்தால் நீல வெளிச்சம் அதிகம் சிதறும்; பெரிதாக இருந்தால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறும். அதை வைத்து, பாலை வெளியே எடுக்காமலே கருவி துளியின் அளவைச் சொல்லிவிடும்.

ஹோமோஜனைசரை ஓட்டுபவர் முகாருரா. கெம்பபாசியை ‘நியாபோ’, அதாவது ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

“என்ன நியாபோ, பாலுக்கு இருட்டுன்னா பயமா? உள்ள டார்ச் அடிச்சு வச்சிருக்கீங்க?”

“பாலுக்கு பயமில்ல அண்ணே. நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான்.”

“நல்லா பாருங்க. என் பொண்டாட்டி பாத்துப் பாத்து சலிச்சுப் போயிட்டா.”

மைக்ரோஸ்கோப்போடு பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் என்னையும் விடமாட்டார். “தங்கச்சி, டார்ச் வந்துடுச்சு. இனிமே நீ நிம்மதியா தூங்கு.”

ஒரு திங்கட்கிழமை கருவி முறைத்துக்கொண்டது. துளிகள் பெரிதாகிவிட்டன என்றது. மறுநாளும் அதையேதான் சொன்னது. நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாம் பொடியாக, ஒழுங்காகவே இருந்தன. ஆனால் மேலாளர் புதுக் கருவியைத்தான் நம்பினார். முகாருரா அழுத்தத்தைக் குறைத்து இயந்திரத்தைச் சோம்பேறியாக ஓட்டுகிறார் என்று முடிவு கட்டி, அவரைக் குளிர்கிடங்குக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்.

அன்று முகாருரா யாரையும் கிண்டல் செய்யவில்லை. டீயைக்கூட தனியாகக் குடித்தார். அதுதான் கெம்பபாசியைக் குடைந்தது. மேலாளரிடம் போய், “எனக்கு ஒரு நாள் குடுங்க, ஐயா. கருவி என்ன பாக்குதுன்னு எனக்கே இன்னும் தெரியல” என்று கேட்டு வாங்கி வந்தாள்.

பிறகு என்னிடம் வந்தாள். “அக்கா, குழாய்ல பெருசா தெரியிறது உங்க மேசைக்கு வர்றதுக்குள்ள காணாமப் போகுது. கொழுப்பு அப்படிப் போகாது. வேற என்ன போகும்?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. “காத்து! குமிழி உடைஞ்சா ஒண்ணும் மிஞ்சாது.”

இருவரும் முகாருராவிடம் ஓடினோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். ஆனால் காற்று என்றதும் எழுந்துவிட்டார். ஹோமோஜனைசருக்கு முன்னால் ஒரு பம்ப், தொட்டியிலிருந்து பாலை உறிஞ்சி வரும். பால் பாக்கெட் பிளாஸ்டிக்கில் மெல்லிய துண்டு ஒன்றைக் கிழித்து, தொட்டிக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள குழாயின் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். பம்பை ஒட்டிய வளைவில் பிளாஸ்டிக் துண்டு வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்த ரப்பர் வளையம் கிழிந்து, பாலோடு காற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது.

“உங்க டார்ச்சுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு நியாபோ,” என்றார். “ஆளு அடையாளம்தான் தெரியல.”

“மன்னிச்சுக்குங்க அண்ணே.”

“மன்னிக்கிறதா? குளிர்கிடங்குல என்னை ஐஸ் ஆக்கப் பாத்தீங்களே!”

வளையத்தை மாற்றியதும் திரையில் அளவு இறங்கியது. நான்கைந்து முறை சரிபார்த்துவிட்டு, மேலாளரை அழைத்து வந்து காட்டினாள் கெம்பபாசி. அவர் தொண்டையைக் கனைத்து, “சரி, வேலையப் பாருங்க” என்று போய்விட்டார். மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாருரா எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி கியாரிசீமா வேகவைத்த வாழைக்காய் மசியலோடு எஷாப்வே வைத்தாள். நெய்யை உப்புநீர் விட்டு அடித்து அடித்து வெள்ளைவெளேரென்று ஆக்கியிருந்தாள்.

“டார்ச் கொண்டாரலையா?” என்றாள். “என் கை பதத்தை அளந்திருக்கலாமே.”

கெம்பபாசிக்கு வாய் நிறைய உணவு. தலையை மட்டும் ஆட்டினாள்.

“கேக்காத கியாரிசீமா,” என்றார் முகாருரா. “கருவியில ஏதாவது பெருசா தெரிஞ்சா, உன்னையும் குளிர்கிடங்குக்கு மாத்திடுவாங்க.”

கெம்பபாசி சிரித்ததில் புரையேறியது. கியாரிசீமா அவள் தலையில் தட்டி, கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.