மூன்றாவது துளை

லிஃப்ட் மெக்கானிக்கைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் முறுக்கிய போல்ட் ஒன்றுகூடத் தளர்ந்ததில்லை. பேச்சு விஷயத்தில்தான் மனுஷன் ஒரே ஒரு தடவை வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். தங்கைக்குக் கல்யாணமான மறுவருஷம், "வண்டியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க மாப்பிள்ளை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பதினோரு மாசம் தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, போனில்கூடப் பேசவில்லை. மாப்பிள்ளை விடவில்லை.

அந்தத் தங்கைக்குத்தான் இப்போது ஏழு மாசம். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வழியில் பத்தொன்பது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கார் ஒரு பக்கமாகச் சாயச் சாய, அவளுக்கு வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். அதற்கு மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். காரின் அடியில், பின்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைத்து, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி ஒன்று உண்டு. ஸ்வே பார் என்பார்கள். அதைவிடத் தடித்த ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மாட்டத்தான் மச்சான் இருக்கிறாரே, சனிக்கிழமை லீவு வேறு.

காலை எட்டு மணிக்கே மாப்பிள்ளை வீட்டுக் கார் ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தார் அண்ணன். துருப்பிடித்த நட்டுகள் எண்ணெய் குடித்துவிட்டுத்தான் அசைந்தன. பழைய கம்பி மார்மேல் வந்து இறங்கியது. புதியது சிவப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் கிரீஸ் தடவிக் கம்பியை ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி விட்டார். சக்கரம் தரையில் உட்கார்ந்து வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. அது அவர் பழக்கம்.

கம்பியின் இரண்டு முனையிலும் மும்மூன்று துளைகள். வெளித் துளையில் மாட்டினால் கம்பி கொஞ்சம் இளகிக் கொடுக்கும். உள்ளே போகப் போக விறைப்பு கூடும்.

"மூணாவதுலயே மாட்டுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, குனிந்து எட்டிப் பார்த்து.

"பின்னாடி டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு மாப்பிள்ளை. ரொம்ப விறைச்சா வளைவுல பின்பக்கம் வழுக்கும். இப்போதைக்கு வெளித் துளையில மாட்டுவோமா?"

"நீங்க பாக்குறது லிஃப்ட். மேல போகும், கீழ வரும். அதுல ஏது மச்சான் வளைவு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். இந்த இடத்தில் ஒரு மனுஷன் ஸ்பேனரைக் கீழே போட்டிருக்க வேண்டும், இல்லையா? போடவில்லை. சிரித்த வாய் மூடுவதற்குள் மூன்றாவது துளையில் மாட்டி முடித்தார். பதினோரு மாசம் சும்மாவா?

மத்தியானம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளில்லாத அகலச் சாலைக்கு இருவரும் போனார்கள். முதல் வளைவில் கார் சாயவே இல்லை. மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்தார், எப்படி என்பதுபோல. அடுத்த வளைவில் வேகத்தைக் கூட்டினார். பாதியில் ஏதோ பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்பக்கம் சரேலென்று வெளியே போனது. சுவர், வானம், தகரக் கதவு, மறுபடி சுவர். வண்டி வந்த வழியையே பார்த்தபடி நின்றது.

வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் விரல்கள் நடுங்கியதை அண்ணன் பார்த்தார். அவர் பார்த்ததை மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். அதுதான் வினை.

"வெளித் துளைக்கு மாத்திரலாம் மாப்பிள்ளை. அரை மணி நேரம் போதும்."

"நாலு மணிக்கு டாக்டர். மலையில நான் மெதுவாத்தான் போவேன். அவகிட்ட இதைச் சொல்லி வைக்காதீங்க, பயந்துக்குவா." கொஞ்சம் நிறுத்தி, "என் பொண்டாட்டியை எனக்குப் பாத்துக்கத் தெரியாதா மச்சான்?" என்றார்.

குரல் தணிவாகத்தான் இருந்தது. அன்றைக்கு நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை பதில் சொன்னபோதும் இதே தணிவுதான்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் தயாராக நின்றாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

"நீ பாத்தியாண்ணே? இவர் சொன்னா நான் நம்பமாட்டேன். நீ சரின்னா ஏறுறேன்."

மாப்பிள்ளை கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேம்மா. ஏறு."

அவள் ஏறினாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏறினாள். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, "நீயும் வாயேன்ணே. பேசிக்கிட்டே போயிட்டு வரலாம். உன்கூட உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

"இல்லம்மா, ஒரு லிஃப்ட் பாதியில நின்னுபோச்சாம். கூப்பிட்டிருக்காங்க."

யாரும் கூப்பிடவில்லை. பொய் தானாகவே வாயில் வந்து நின்றது. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பொய் சொன்னால் ஐந்து வயதிலேயே கண்டுபிடித்துவிடுவாள் அவள். "அண்ணே..." என்று ஆரம்பித்தாள். கார் நகர்ந்துவிட்டது.

தான் ஏறப் பயந்த வண்டியில் தங்கையை ஏற்றிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிரீஸ் கையோடு தெருவில் ஓடினார். "மாப்பிள்ளை, நிறுத்துங்க" என்றார். கார் தெருமுனையைத் தாண்டி, துளிகூடச் சாயாமல் மலைப்பக்கம் திரும்பியது. மழையும் பிடித்துக்கொண்டது.

"டேய், நிறுத்துடா!" என்று கத்தினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையை அப்படிக் கூப்பிட்டார். தெருவில் அவர் மட்டும்தான் இருந்தார்.