ஏழாங்கட்டைக் கேமராவில் ஏற்பட்ட கோளாறு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏழாங்கட்டை முனியாண்டி முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணத் தயார். சந்தேகப்படுகிறவர்கள் கற்பூரத்தை மட்டும் தங்கள் செலவில் வாங்கி வரவேண்டும். 1974 ஆடி மாதத்தில், கோலா கங்சார் போகிற பாதையில் இருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் மாட்டிய கேமரா, ஸ்டோர் வாசலைக் காட்டாமல், பால்மரம் வெட்டுகிற வீரம்மாவை மட்டும் காட்ட ஆரம்பித்தது. அவள் எங்கே இருந்தாலும் காட்டியது. ரப்பர் விலை அப்போது இறங்குமுகமாக இருந்தது.

கேமரா வந்ததற்குக் காரணம் ஒட்டுப்பால் திருட்டு. மரத்தில் பால் பிடிக்கிற மங்கில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி ஸ்டோரில் போட்டுவைப்பார்கள். வாரத்துக்கு இரண்டு சாக்காவது கால் முளைத்து நடந்துகொண்டிருந்தது. ஈப்போவில் பேங்குக்காரர்கள் கேமரா வைத்திருப்பதாகக் கிளப்பில் யாரோ சொல்லக் கேட்ட தோட்டத்து மானேஜர் துரை, புந்தோங்கிலிருந்து சீனியை வரவழைத்தார். சீனி ரேடியோ ரிப்பேர்க்காரன். ஒரு நகைக்கடைக்குக் கேமரா மாட்டியிருந்தான், அது வேலையும் செய்தது. எந்தச் சாமானைப் பிரித்து மாட்டினாலும் அவன் கையில் ஒரு திருகாணி மிச்சம் வந்துவிடும். "இது எக்ஸ்ட்ரா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஹோண்டா கப்பின் பின்னால் கேமராவையும் ஒரு கறுப்புவெள்ளை டிவியையும் கட்டிக்கொண்டு வந்தவன், கேமராவை ஸ்டோர் வாசலில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் மாட்டினான். டிவியை ஆபீசில் கிராணி ஜெயபாலன் மேசைமேல் வைத்தான். படத்தைப் பிடித்துவைத்துப் பிறகு பார்க்கிற வசதியெல்லாம் அதில் கிடையாது. நடக்கிறதை நடக்கும்போதே பார்க்க வேண்டும். அதனால் ஜெயபாலனுக்குக் கணக்கு எழுதுகிற வேலையோடு பார்க்கிற வேலையும் சேர்ந்தது. சம்பளம் சேரவில்லை.

மூடியைக் கழற்றினால் பார்க்க ஆரம்பித்துவிடும் என்று சீனி சொன்னதுதான் வினை. முனியாண்டி கோயில் பூசாரி பத்துமலை குறுக்கே வந்து நின்றுவிட்டார். எந்தச் சிலைக்கும் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அந்த நேரத்தில் எதிரே ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வை யார்மேல் விழுகிறதோ அவரை அது விடாது. அதனால் முதலில் நிலைக்கண்ணாடியைக் காட்டுவார்கள், தன் முகத்தைத் தானே பார்த்துச் சாந்தமாகட்டும் என்று. இதைக் கேட்டு, "பூசாரி, இது ஜப்பான் சாமான்லா. நம்ம சாமி கணக்கு அதுக்குத் தெரியாது" என்றான் சீனி. "ஜப்பான்காரன் பார்வை எப்படி இருக்கும்னு நீ எனக்குச் சொல்றியா? சண்டைக்காலத்துல அவனுக்கு சயாம் ரயில் போட கல்லு சொமந்தவன்டா நான்" என்றார் பத்துமலை. துரை சிரித்துக்கொண்டே கண் திறக்கிற பூசைக்குச் சம்மதித்தார். கேமராவைக் கண்டு ஜனங்கள் பயந்தால் நல்லதுதானே என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாருக்கும் சொல்லப்பட்டது: பால் நிறுத்து முடிந்ததும் யாரும் ஸ்டோர் வாசலில் நடமாடக் கூடாது, எல்லாரும் கம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். சேவல் அறுத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பத்துமலை கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். ஏணியில் நின்ற சீனி மூடியைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துக் காலி வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, ஸ்டோருக்குப் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து வீரம்மா வெளியே வந்தாள். கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து, இத்தனை பேர் எதற்காக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தாள். பத்துமலை கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரட்டில் சொன்னதை வீரம்மாவும் கேட்டிருந்தாள். ஆனால் எல்லாரும் ஓரிடத்தில் கூடிநிற்பார்கள் என்றால் பன்னிரண்டாம் நம்பர் ரப்பர் காட்டுக்குப் போய்வர அதைவிட நல்ல நேரம் ஏது என்று நினைத்துவிட்டாள். அங்கே, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தப் புதுப் புகைவீடு கட்டியபிறகு கைவிட்ட பழைய புகைவீட்டில், அவள் புருஷன் ராமையா இருந்தான். ராமையாவிடம் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாளக் கார்டு. இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்தவன்தான், ஆனால் பிறந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவனுக்குக் கிடைக்கவில்லை, அவன் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். 1971-இல் பினாங்கில் கப்பல் ஏறினான். பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றான், அவர்களும் குறித்துக்கொண்டார்கள். பிறகு மூட்டை தூக்குகிறவர்களோடு இறங்கி, தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வீரம்மாதான் சோறு கொண்டுபோனாள். பிடிபட்டால் அவனுக்குக் கப்பல், அவளுக்கு லயத்து வீடு போகும். தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஒட்டுப்பால் திருடுகிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் ஜெயபாலன் காப்பிக் கோப்பையோடு டிவி முன்னால் உட்கார்ந்தபோது ஸ்டோர் வாசல் தெரியவில்லை. ஐந்தாம் நம்பர் காட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வீரம்மா மரம் வெட்டுவது தெரிந்தது. ஜெயபாலன் டிவியின் தலையில் தட்டினார். அவள் அடுத்த மரத்துக்குப் போனாள், டிவியும் போனது. பால் நிறுக்கும் கொட்டகைக்கு அவள் வந்தபோது, தராசைப் பார்த்துக்கொண்டே, "ஏன் புள்ள, வேலைக்கு நடுவுல தேத்தண்ணிக்கு ரெண்டு தடவ சக்கர போட்டியே, ஞாபகமறதியா?" என்றார். வீரம்மா கம்பத்து உச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்குப் போகவில்லை.

சீனியை வரவழைத்தார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்தான், சந்தனத்தைச் சுரண்டினான், பியூஸ் மாற்றினான். கேமராவின் உள்ளே இருக்கும் டியூபை மாற்றினான். தன் வீட்டு டிவியையே கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். அதிலும் வீரம்மாதான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைச் சுவரைப் பார்க்கத் திருப்பினான். மூடியைத் திரும்பப் போட்டான். எல்லாவற்றையும் பார்த்தான், கேபிளை மட்டும் பார்க்கவில்லை. அது மண்ணுக்கடியில் போகிறது, புதுக் கேபிள், புதுக் கேபிளில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்றான். கையில் திருகாணிகள்தான் சேர்ந்தன. போகும்போது தண்ணீர்க் குழாயடியில் வீரம்மா அவனை நிறுத்தினாள்.

"அண்ணே, அந்தக் கண்ணை மூட முடியாதா?"

"மூடிப் பாத்தாச்சு தங்கச்சி. மூடினாலும் நீதான் தெரியிற."

"அப்ப கழட்டிக் கொண்டுபோயிடுங்க."

"காசு குடுத்து வாங்கினதை துரை கழட்ட விடுவாரா? கிராணியும் விட மாட்டாருலா." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது சீனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அவன் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. டிவியில் அவள் தெரிந்த முதல் நாள் சாயங்காலம் வீரம்மா குளிக்கப் போனபோது ஜெயபாலன் எழுந்து வெளியே போய் நின்றார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். வீரம்மா இருட்டியபிறகு விளக்கில்லாமல் குளித்துப் பார்த்தாள், டிவியில் பட்டப்பகல்போலத் தெரிந்தாள். கைலிக்கு மேல் கைலி கட்டிக்கொண்டு படுத்தாள். தூக்கத்தில் புரண்டால்கூட, எந்தப் பக்கம் திரும்பிப் புரண்டாள் என்று மறுநாள் தராசடியில் செய்தி வந்தது. பத்துமலையிடம் போய் அழுதாள். அவர் திருநீறு பூசி, "பாக்கிறதைத் தடுக்க வழியில்லை ஆத்தா. எதைக் காட்டணும்கிறதை வேணா நீ பாத்துக்க" என்றார்.

அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது, அதனால்தான் புகைவீட்டுப் பக்கமே போகவில்லை. தினமும் பழக்கதோஷத்தில் இருவருக்கு உலை வைத்தாள், ஒரு பங்கைத் தின்ன முடியாமல் தின்றாள், மற்றதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். புகைவீட்டில் ராமையா ரப்பர் கொட்டையைச் சுட்டுத் தின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு சோறு என்ற கேள்வி ஜெயபாலனுக்கு ஐந்தாம் நாள்தான் வந்தது. வந்ததும் துரையிடம் சொன்னார். துரை கோலா கங்சாரிலிருந்து இரண்டு மாத்தா-மாத்தாக்களை, அதாவது போலீஸ்காரர்களை, வரவழைத்து, நாற்காலி போட்டு டிவி முன்னால் உட்காரவைத்தார். நாலு பேரும் பிஸ்கட்டோடு காத்திருந்தார்கள்.

அன்று நல்ல மழை. வீரம்மா சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மழையில் மறைந்துவிடலாம் என்று நினைத்தாள் என்பது சிலர் பேச்சு. அது இல்லை. புருஷன் செத்துக் கிடப்பதைப் பிறகு தனியாகப் பார்ப்பதைவிட, உயிரோடு பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிடலாம் என்று போனாள். டிவியில் அவள் நடந்தாள், பன்னிரண்டாம் நம்பர் காட்டைத் தாண்டினாள், புகைவீட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். மாத்தா-மாத்தாக்கள் தொப்பியை எடுத்தார்கள். டிவியில் உள்ளே யாரும் இல்லை. வீரம்மா ஈரத் தரையில் உட்கார்ந்து, யாரையோ மடியில் தூக்கிவைப்பதுபோல் கையை வளைத்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். உருண்டை அந்தரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் போயிற்று. அடுத்த உருண்டையை நீட்டினாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. துரை எழுந்து, "கீலா" என்று சொல்லி நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். பைத்தியம் என்று அர்த்தம். டிவியில் இல்லாத ஆளை மழையில் போய்த் தேடுவானேன் என்று மாத்தா-மாத்தாக்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தராசடியில் ஜெயபாலன், "புகைவீட்டுச் சுவத்துக்கா ஊட்டுனே? அதுக்கு விக்கல் எடுத்திச்சா?" என்று கேட்டபோது வீரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கேமராவுக்கு ராமையா தெரியவில்லை என்று விளங்கியதும் பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்கு ஓடினாள். நான்கு நாள் கழித்து ராமையா காலூன்றி எழுந்து, பட்டப்பகலில் லயத்துக்கு நடந்து வந்தான். யாரும் பார்க்கவில்லை. டிவியில் இல்லாததை ஜனங்களும் பார்க்காமல் பழகிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. முதல் ஒரு மாதம் அவனுக்குக் கொண்டாட்டம். கள்ளுக்கடையில் மற்றவன் கோப்பையைக் குடித்தான், துரை பங்களாவில் போய் துரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தான். அப்புறம் பழைய கூட்டாளி ஒருவனை வழியில் பார்த்து, "டேய் மச்சான்" என்று தோளில் கைபோட்டான். அவன் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்த ராமையா, "நான் கப்பல்லயே போயிருக்கலாம் வீரம்மா. அங்க யாராச்சும் போடா நாயேனாவது சொல்லியிருப்பான்" என்றான்.

சும்மா இருக்க முடியாத உடம்பு அது. ஒருநாள் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு தன் பழைய நிரைக்கே மரம் வெட்டப் போய்விட்டான். யாரும் தூக்காத இரண்டு வாளிப் பால் ஆடி ஆடி நடந்து வந்து தராசடியில் இறங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஜெயபாலன் துரையிடம் ஓடினார். துரை வந்து பாலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, நல்ல பால் என்றார். "சம்பளம் ஆளுக்குத்தானே, பாலுக்கு இல்லையே." அன்று முதல் பதினோரு வருஷம் தோட்டம் அந்தப் பாலை நிறுத்து எடுத்துக்கொண்டது. ரப்பர் விலை ஏறியபோதும் எடுத்தது, இறங்கியபோதும் எடுத்தது. பக்கத்துத் தோட்டத்து மானேஜர்கள் வந்து பார்த்து, இதேமாதிரி தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒட்டுப்பால் திருட்டு நிற்கவில்லை.

வீரம்மாவின் கண்ணுக்கு மட்டும் ராமையா தெரிந்துகொண்டிருந்தான், அதுவும் வருஷத்துக்கு வருஷம் மங்கியது. முதலில் நிழல் போயிற்று. பிறகு வெளிச்சத்தில் தெரியாமல் அடுப்பு நெருப்பில் மட்டும் தெரிந்தான். 1981 வாக்கில் கத்தி தீட்டுகிற சத்தமும் காலியாகிற தட்டும்தான் மிச்சம். ஜெயபாலன் ஓய்வு பெற்றபோது நாற்காலியைப் புதுக் கிராணிக்கு விட்டுக் கொடுத்தார், பார்க்கிற வேலையையும் விட்டுக் கொடுத்தார். புதுக் கிராணி கலர் டிவி கேட்டு வாங்கினார். அதிலும் வீரம்மா கறுப்புவெள்ளையில்தான் தெரிந்தாள். மயிர் நரைத்தது தெரிந்தது, மார்பில் கட்டி வந்து வலியில் சுருண்டது தெரிந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இல்லாததும் தெரிந்தது. இதெல்லாம் பார்க்க நன்றாக இல்லை என்று புதுக் கிராணி அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

1985-இல் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். பாதிச் சனம் புந்தோங்குக்கும் காம்பாருக்கும் போய்விட்டது. லயத்தை இடிக்கிற யந்திரம் வந்த வாரத்தில் வீரம்மா செத்துப்போனாள். அன்று டிவியைத் தற்செயலாகப் போட்டவர்கள் பார்த்தது: பாயில் அவள் கிடந்தாள், ஒரு துண்டு தானாக நனைந்து, தானாகப் பிழிந்துகொண்டு, அவள் முகத்தைத் துடைத்தது. ரொம்ப நேரம் துடைத்தது. பாடை தூக்க ஆள் போதவில்லை, மூன்று பேர்தான் தேறினார்கள். தூக்கினார்கள். நாலாவது மூலை தாழவில்லை. வழியெல்லாம் சமமாகவே போயிற்று. மூன்று பேரும் தோள் மாற்றிக்கொண்டபோது அந்த மூலை மட்டும் மாறவில்லை. சுடுகாட்டில் கொள்ளி தானாக எழுந்து வந்தது. பத்துமலை அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அன்று சாயங்காலம் டிவியில் முதல்முறையாக ஸ்டோர் வாசல் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை, இரண்டு வாளி மட்டும் இருந்தது.

கேமராவையும் டிவியையும் இணைப்பதற்காகத் துரை காசு கொடுத்த கேபிள், சுற்றிய பிளாஸ்டிக் பிரிக்காமல், புந்தோங்கில் சீனியின் கடையில் இன்னமும் இருக்கிறது; கடைக்கு வருகிறவர்கள் அதன்மேல்தான் உட்காருகிறார்கள்.