பின்சக்கரம் உரசாமல் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். நகை, சீர், பந்தி எதைப் பற்றியும் வாய் திறக்காதவர்கள் இதில் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள். அதிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வையம்பட்டி அழகர்சாமி, "மூடுன வண்டியில கூட்டிட்டுப் போனா உள்ள இருக்கிறது மாப்பிள்ளையா, மளிகைச் சாமானான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டார்.

பெண்ணின் அண்ணன் அழகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கவலைய விடுங்க மாமா. என் வண்டியே திறந்த வண்டிதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

வண்டி திறந்த வண்டிதான். பொன்மலை ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் அதன் பின் டயர்கள் நூல் தெரியும்படி தேய்ந்து, பெரிய கடைவீதியில் அவனுடைய பெயிண்ட் கடைக்குப் பின்னால் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த அளவு டயர் திருச்சியில் கிடையாது. மதராஸுக்கு எழுதிக் கேட்டான், அங்கும் கிடையாது. வண்டி வராவிட்டால் தங்கை வள்ளிக்கண்ணு புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியதுதான்.

பாலக்கரையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த நிஜாமுதீன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஜீப் சக்கரம் மாட்டிரலாம்ணே" என்றார்.

மாட்டிப் பார்த்தால் ஜீப் டயர் தடிமன். உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் முட்டியது. உடனே லேத்துப் பட்டறையில் இரும்பில் இரண்டு கனத்த வளையங்கள் கடையச் சொன்னார். வளையத்தில் காருக்கு ஒரு வரிசை ஓட்டை, ஜீப் சக்கரத்துக்கு ஒரு வரிசை ஓட்டை. ஸ்பேசர் என்று அதற்குப் பெயர். அதை நடுவில் வைத்து முடுக்கியதும் சக்கரம் வெளியே தள்ளி நின்றது, ஸ்பிரிங்கில் முட்டவில்லை. மேலே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைந்தது. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது என்று ஆகிவிட்டதால் வண்டி மட்டும் முன்பக்கம் குனிந்து யாருக்கோ கும்பிடு போடுவது மாதிரி இருந்தது.

"நல்லதுதானே பாய், கல்யாண வண்டிக்கு மரியாதை தெரியணும்" என்றான் அழகிரி. இருவரும் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். எங்கும் உரசவில்லை.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில். அழைப்பு அன்று சாயங்காலம் நிஜாமுதீனே வண்டியை ஓட்டினார். பக்கத்தில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை தர்மராஜ். கைலாசபுரத்தில் புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலை. நாயனம் முழங்கியது. வண்டி நகரும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குழந்தைகள் திபுதிபுவென்று பின்னால் ஏறிக்கொண்டன. அவர்களுக்கு நடுவே, மடக்கி வைத்த வண்டிக் கூரைத் துணியைச் சிம்மாசனமாக்கிக்கொண்டு அழகர்சாமியும் ஏறி உட்கார்ந்தார். ஆள் நெல் மூட்டை மாதிரி இருப்பார்.

பின்பக்கம் அமுங்கி, வண்டியின் கும்பிடு நிமிர்ந்துவிட்டது. சித்திரை வீதி திரும்பியதும் 'கரக், கரக்' என்று சத்தம். பின்னாலேயே வாடை.

"சாம்பிராணி கருகுதா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நிஜாமுதீன் வண்டியை நிறுத்தி அழகிரியைக் கிட்டே கூப்பிட்டார். "மட்கார்டு டயரை அறுக்குது. நம்ம ரெண்டு பேரு ஏறிப் பார்த்ததோட சரி, இந்தப் பாரத்தை நினைக்கவே இல்ல. பெரியவரை இறக்குங்கண்ணே."

"தாய்மாமன் பாய்! பொண்ணு வீட்டுக்காரன் நான் போய் இறங்குங்கன்னா கல்யாணம் நின்னுரும்."

"இறங்கலைன்னா இந்த முக்குலயே வண்டி நின்னுரும்."

"என்னப்பா அங்க குசுகுசுன்னு?" என்று மேலிருந்து அதட்டல் வந்தது.

 அழகிரி கூட வந்த சீர்த் தாம்பாளத்தில் இருந்த பெரிய மாலையை எடுத்துக்கொண்டு போய் நின்றான். "மாமா, எங்க மேல தப்பு. உங்களைப் போய்ப் பின்னாடி உக்கார வச்சுட்டோம். நீங்க முன்னாடி நடந்து கூட்டிட்டு வந்தாத்தானே இது அழைப்பு?"

அழகர்சாமி யோசித்தார். வாடையிலேயே விஷயம் பிடிபட்டிருந்த தர்மராஜ் முகத்தைத் திருப்பாமல், "ஆமா மாமா, நீங்க முன்னாடி போனாத்தான் எனக்குத் தெம்பு" என்றான்.

"அதைச் சொல்லு!" மாமா இறங்கி, கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார். வண்டி மறுபடி குனிந்தது. நிஜாமுதீன் விரலை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். குழந்தைகள் இருந்த இடத்திலேயே இருக்க, சத்தமில்லாமல் ஊர்வலம் நகர்ந்தது.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். அழகர்சாமி மார்பை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே மண்டபத்தைத் தாண்டிப் போய்விட்டார். நாயனக்காரர்கள் அவர் பின்னால் போனார்கள்.

"மாமா! மண்டபம் இங்க!" என்று ஓடினான் அழகிரி.

நிஜாமுதீன் வண்டியில் இருந்தபடியே எட்டி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்கண்ணே. இன்னொரு சுத்து வந்தாலும் வண்டி தாங்கும்" என்று சொல்லி கியரைப் போட்டார்.