மூன்றை அழுத்தவும்

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று வகுப்பாசிரியை ஒருநாள் இவளைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி நின்றவள், வாசிக்க வேண்டிய வரியை வாசிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

"ரெண்டு நாள் போனா சரியாயிடும்" என்று அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். ரெண்டு நாள் ரெண்டு வருஷமானது.

இவளுக்கு நேர்மாறு அக்கா. வீட்டில் இருவர் பங்குப் பேச்சையும் அவளே எடுத்துக்கொண்டு பிறந்தவள் என்று அப்பா சொல்வார். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த அக்காதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் இன்டர்நெட் வயர், மறுபக்கம் இரண்டு டெலிபோன் வயர். ஒன்று கூடத்தில் அம்மாவின் மெஷின் பக்கத்துக்கு, இன்னொன்று உள்ளறைக்கு. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பெட்டியே எடுத்து, எந்த எண்ணை அழுத்தினால் யார் கிடைப்பார்கள் என்று சொல்லும்; ஒன்றை அழுத்தினால் அழைப்பு அப்பாவின் செல்போனுக்குப் போகும். முதலில் அதற்குள் ஏதோ ஒரு சீமாட்டி புரியாத பாஷையில் மூக்கால் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா ரிசீவரை எடுத்து மூன்று தடவை நட்சத்திரக் குறியை அழுத்தினாள், ஏதோ எண்ணைத் தட்டினாள், 'பீப்' என்றதும் ஒரே மூச்சில் சொன்னாள்:

"வணக்கம்! ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுதா? ஒன்னை அழுத்துங்க, அப்பா வருவாரு. துணி இறுக்கமா போச்சா, இல்ல நீங்கதான் பெருத்துட்டீங்களா? ரெண்டை அழுத்துங்க, அம்மா பிரிச்சுத் தைப்பாங்க. என் தங்கச்சி வேணுமா? மூணு. ஆனா அவ பேச மாட்டா, நீங்கதான் பேசணும்!"

"யாவாரத்தைக் கெடுக்கறதுக்குன்னே ஒருத்தியப் பெத்தேன்" என்றார் அப்பா. ஆனால் அன்றைக்கு அவர் மீசைக்குள் சிரித்ததை இவள் பார்த்தாள்.

மூன்றை அழுத்துகிற ஆள் ஒருத்தியே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கடையிலிருந்து கூப்பிடுவாள். உள்ளறையில் மணி அடிக்கும். இவள் எடுத்து, ரிசீவரை நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "சாப்ட்டியாடி?" டக். "என்னை நினைச்சியா?" டக் டக். "பொய்யி! உன் நகத்துக்குக்கூட பொய் சொல்லத் தெரியுது பாரு!" என்று அக்கா சிரிப்பாள். "இந்தக் குழாய்க்குள்ள நீ ஒருநாள் பேசத்தான் போற. அந்தக் குரலை நானே டப்பாவுல ஏத்தறேன், இரு."

சண்டை வந்தது இவளை வைத்துத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் அக்கா பேசிவிட்டு வந்திருந்தாள். அப்பா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அங்கயும் சிரிக்கத்தான் போறாங்க. என் பொண்ணைப் பார்த்து எவனும் சிரிக்க வேணாம். வீட்லயே இருக்கட்டும்."

"நீங்க அவளைக் காப்பாத்தலப்பா. உசிரோட பொத்தி வைக்கிறீங்க."

"அவ்வளவு அக்கறை இருக்கறவ வேற வீடு பார்த்துக்கிட்டுப் போ. நீ சொல்லிக் கேக்கிற நிலைமையில நான் இல்ல."

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் அக்காவுக்கு ரோஷம் அப்பாவிடமிருந்துதானே வந்தது. அவர் வாங்கிக் கொடுத்த செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாள். இவள் கதவோரம் நின்றாள். "ஏதாவது சொல்லுடி" என்றாள் அக்கா. இவளுக்குத் தட்டக்கூட எதுவும் கிடைக்கவில்லை.

வேறு ஊர், வேறு வேலை. ஆனால் மத்தியானம் மணி அடிப்பது நிற்கவில்லை. வேலை செய்கிற இடத்துப் பொதுப் போனிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அப்பா ஒருநாள் சாப்பிட வந்த நேரத்தில் உள்ளறை மணி அடிக்கும் வரை அது நடந்தது.

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து பெட்டியைக் காட்டினார். "போனவ குரல் இந்த வீட்ல எதுக்கு? அழி அதை." தானே பேசிப் பதிய உட்கார்ந்தார். கேட்டுப் பார்த்தால், கடன்காரனை அதட்டுவது போல இருந்தது. அம்மா, "எனக்கு மெஷின்கிட்டப் பேசக் கூச்சமா இருக்கு" என்று நழுவிக்கொண்டாள். அப்பா திரும்பி இவளைப் பார்த்தார்.

"நீ பேசு."

அவர் பக்கத்திலேயே நின்றார். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் வேண்டும். அதுதானே இவளிடம் இல்லை. காகிதத்தில் அவர் எழுதித் தந்ததை வாசித்தாள். "வணக்கம். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஒன்றை அழுத்தவும். தையலுக்கு இரண்டை அழுத்தவும்." வகுப்பில் வராத குரல் வந்துவிட்டது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எவ்வளவு நல்லா இருக்குடி உன் குரல்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவள் ஒரு தந்திரம் செய்திருந்தாள். பேச்சில்தான் மூன்று இல்லை. பெட்டிக்குள் மூன்றை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தாள். அழுத்தினால் உள்ளறை மணி அடிக்கும். அக்காவுக்கு யாரும் சொல்லவா வேண்டும்? விரல் தானாக அங்கேதான் போகும் என்று நம்பினாள்.

மறுநாள் மத்தியானம் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. யாரோ லைனில் இருக்கிறார்கள், இவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவள் உள்ளறைக்கு ஓடி ரிசீவர்மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். விளக்கு இன்னும் சிமிட்டியது. ஒருமுறை கேட்டவர்கள் திரும்பவும் முதலிலிருந்து கேட்கிறார்கள். பிறகு விளக்கு நின்றது.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதன்பின் மத்தியானத்தில் விளக்கு சிமிட்டவே இல்லை.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அக்கா எந்தக் குரலுக்காகக் காத்திருந்தாளோ, அந்தக் குரல் மூன்றை விட்டுவிட்டு முதல்முதலாக அவளிடம் சொன்னது, அவளுக்கு இங்கே இடமில்லை என்பதைத்தான். அப்பா சொல்லியிருந்தால் அக்கா சிரித்துவிட்டு மூன்றை அழுத்தியிருப்பாள். தங்கச்சியே சொன்ன பிறகு எந்த முகத்தோடு அழுத்துவாள்?

உள்ளறைப் போனில் பதிந்திருந்த அந்தப் பொது எண்ணுக்கு இவளே ஒருநாள் கூப்பிட்டாள். "ஹலோ, யார் வேணும்?" என்றது ஆண்குரல். கை பழக்கத்தில் டக் என்று ஒரு தட்டுத் தட்டியது. "எவன்டா அது, வேலை நேரத்துல!" என்று வைத்துவிட்டான்.

ஒரு காலையில் அப்பா வேலைக்குப் போனதும் இவள் ரிசீவரை எடுத்தாள். மூன்று நட்சத்திரம். 'பீப்'. காகிதம் இல்லாமல் பேசினாள். ஒன்றையும் இரண்டையும் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அக்கா... மூணை அழுத்து. நான் பேசறேன்" என்றாள்.

அம்மா ஊசியில் நூல் கோர்க்க மறந்து உட்கார்ந்திருந்தாள். "கஸ்டமர் எவராவது கேட்டு அப்பா காதுல போட்டா என்னடி பண்ணுவ?"

இவள் ரிசீவரை இருந்த இடத்தில் வைத்தாள். அம்மா அழிக்கச் சொல்லவில்லை.

அதன்பின் நாள் முழுக்க விளக்கு சிமிட்டியது. எல்லாம் ஒன்றுக்கும் இரண்டுக்கும்தான். இரண்டை அழுத்திய ஒரு பெண்மணி, "யாரும்மா அந்த அக்கா? குடுத்து வெச்சவ" என்று அம்மாவிடம் கேட்டாளாம். உள்ளறை மணி ஊமையாகவே கிடந்தது.

ஒரு பிற்பகலில் அது அடித்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை, மூச்சு மட்டும். அக்கா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தாள். வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அணை உடைந்தது.

"அக்கா, வெச்சிடாத. அது நான் சொன்னதில்லக்கா, அப்பா எழுதிக் குடுத்தாரு. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ போனப்பவும் வரல. எனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுதுக்கா. சிரிச்சா சிரிக்கட்டும், நான் பள்ளிக்கூடம் போறேன். நீ வந்து கூட்டிட்டுப் போ. அப்பாவும் சரியா சாப்பிடறதில்ல, பாதியில எழுந்துடறாரு. நீ திட்டவாவது திட்டேன்... அக்கா?"

மூச்சுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. கடகடவென்று ஓடி, நின்று, திரும்ப ஓடியது. தையல் மெஷின். இவள் ரிசீவரைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள். கதவுக்கு அப்பால், கூடத்திலும் அதே மெஷின் அதே இடத்தில் நின்று, அதே இடத்தில் ஓடியது.

கதவைத் திறந்தாள்.

அப்பா கூடத்தில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், செல்போனைக் காதோடு வைத்தபடி. சட்டையில் கிரீஸ் கறை. காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்போதுதான் திரும்பி அவரைக் கண்ட அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் இவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அதன் பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையை அதன் பக்கம் நீட்டினார். வயரைப் பிடுங்கப் போகிறார் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வயர் இருந்த இடத்தில் இருந்தது. விளக்கு நின்றிருந்தது. அப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் குரலை அழிக்கச் சொல்லாமலே படியிறங்கிப் போனார்.