புரி வெட்டத் தெரியாதவன்

மாயாண்டி போர்வையை அவிழ்த்து உள்ளே இருந்ததை லேத் மேசையில் வைத்ததும் குகதாசன் செய்த முதல் வேலை, அதைத் திரும்பவும் போர்வையால் மூடியதுதான். ரோட்டை எட்டிப் பார்த்தான். எதிரே ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பிடத்தில் ஏழெட்டுப் பேர் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"காத்துத் துவக்குதாங்க. கொரங்குக்கு. பெர்மிட் இருக்குண்ணே," என்றான் மாயாண்டி. காட்டோரம் ஒன்றரை ஏக்கர் கச்சான் கடலை போட்டிருப்பவன். இரண்டு வாரத்தில் பிடுங்க வேண்டும். குரங்குகள் அதற்கு முன்பே பிடுங்கத் தொடங்கிவிட்டன.

துவக்கின் கதை இதுதான். சுட்டுப் படாத ஆத்திரத்தில் மாயாண்டி அதைத் தடியாக்கிக் குரங்கை அடிக்கப் போக, குரங்கு விலகிவிட்டது, பாலை மரம் விலகவில்லை. குழல் வளைந்தது. வவுனியாவுக்குப் போய்ப் புதுக் குழல் வாங்கிவந்தான். அதைப் பூட்டியவன் மச்சான் மூக்கன். மூக்கன் தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவன். அவனுக்குக் குழாயென்றால் எல்லாம் குழாய்தான். பைப் ரெஞ்சால் பிடித்து, திருகுப் புரி கோணலாக ஏறுவது தெரிந்தும் முறுக்கி, பிறகு கழற்றி வெள்ளை டேப் ஏழு சுற்றுச் சுற்றி மறுபடியும் முறுக்கியிருந்தான். துவக்கின் உடலுக்குள் இருந்த புரியெல்லாம் நாய் கடித்த செருப்பாகிவிட்டது.

"ஒழுகுதோ?" என்று கேட்டான் குகதாசன். அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"ஒழுகலீங்க. சுட்டா குண்டு கச்சானுக்குள்ள போவுது. கொரங்கு உக்காந்து பாக்குது."

"என்னாலை ஏலாது, மாயாண்டி. போர்ட்டைப் பாத்தனீரோ?"

போர்ட்டில் 'தண்ணீர்ப் பம்பி, உழவு இயந்திர வேலைகள் மட்டும்' என்று எழுதியிருந்தது. 'மட்டும்' என்ற சொல் மற்றவற்றைவிடப் பெரியது, சிவப்பு. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது குகதாசனிடம் ஆமிக்காரர் ஒரே கேள்வியைப் பதினேழு தடவை கேட்டார்கள்: லேத்தில் என்ன செய்தாய், துவக்கா? பதினேழு தடவையும் அவன் தண்ணிப் பம் என்றான். அது முழு உண்மை. ஆனால் உண்மையைப் பதினேழு தடவை சொன்னால் சொல்கிறவனுக்கே அதில் நம்பிக்கை குறைந்துவிடும். வெளியே வந்த மறுகிழமையே அந்தச் சிவப்புப் பெயின்றை வாங்கினான்.

தட்டிக்கழிக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பொலிசில் கடிதம் வாங்கி வந்தால் செய்யலாம் என்றான். எந்தப் பொலிஸ் தரும்? மாயாண்டி அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். கடிதம் இல்லை. பொலிஸ்காரரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

நடுவயதுச் சிங்கள இன்ஸ்பெக்டர். பெர்மிட்டைப் பார்த்துத் தலையாட்டி, கதிரையை லேத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாஸ்டர் செய்ங்க. நான் பாக்கிறது," என்றார். "துவக்கு வேலை முன்னம் செஞ்சு இருக்கா?"

"இல்லை சேர். தண்ணிப் பம் மட்டும்தான்."

பதினெட்டாவது தடவை.

வேலையைக் கெடுத்தால் மாயாண்டியின் கச்சான் போய்விடும். வடிவாகச் செய்தாலோ, முதல் தடவை துவக்கைத் தொடுகிறவனின் கையா இது என்ற கேள்வி வரும். வேலை சரியாகவும் இருக்க வேண்டும், செய்கிறவன் தெரியாதவனாகவும் இருக்க வேண்டும். இப்படி ஒரு வேலையை அவனுக்கு யாரும் பழக்கியதில்லை.

முதலில் வேண்டுமென்றே ஸ்பானரைக் கீழே போட்டான். பிறகு உள்வீட்டைப் பார்த்து, "விமலேஸ்வரி, உந்தத் தையல் டேப்பை ஒருக்காத் தாருமப்பா," என்று கூப்பிட்டான்.

மனைவி டேப்போடு வந்தாள். பொலிஸைக் கண்டதும் முகம் வெளிறியது. ஆனாலும் கேட்டாள்: "ஏன், உங்கடை வேர்ணியர் எங்கை? மயிரிழையையும் அளக்கும் எண்டு காலமை துடைச்சு வைச்சனீங்களெல்லே?"

"அது... பழுது," என்றான் குகதாசன். இன்ஸ்பெக்டர் மேசையில் பளபளத்த வேர்ணியரைப் பார்த்தார்.

துவக்கின் உடலை லேத்தில் பிடிப்பித்தான். கோணலாகப் பிடித்தால் தெரியாதவன் என்று இன்ஸ்பெக்டர் நம்புவார். பிடித்தும் பார்த்தான். லேத்தை ஓடவிட்டதும் உடல் குலுங்கியது. அந்தக் குலுக்கலை அவனால் மூன்று சுற்றுக்கு மேல் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. நிறுத்தி, தட்டித் தட்டி நேராக்கினான். இனிமேல் கெடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வெட்டும் முனையைப் பழைய புரிக்குள் விட்டான்.

அதோடு சரி. உருக்கு மெல்லிய நூலாகச் சுருண்டு வரத் தொடங்கியதும் பொலிஸ், முகாம், போர்ட் எல்லாம் மறந்துபோயிற்று. மூக்கன் கோணலாக்கிய இடமெல்லாம் எங்கே நேராக இருந்திருக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்தது. ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. உடலின் துளை கொஞ்சம் அகன்றுவிட்டதால் வாங்கிவந்த குழல் இனி அதில் லொடலொடக்கும். குழலில் பழைய புரி இருந்த முனையை அறுத்துவிட்டு, அதற்குப் பின்னால் தடிப்பாக இருந்த இடத்தில் அகன்ற துளைக்கு ஏற்றபடி புதுப் புரி வெட்டினான். எப்போது வேர்ணியரைக் கையில் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு பஸ்கள் போனதும் தெரியாது.

எண்ணெய் தொட்டுக் குழலை வைத்துச் சுட்டுவிரலால் தள்ளினான். பாலில் பழம் நழுவுவதுபோலச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், கடைசிப் புரியில் இடைவெளி இல்லாமல் நின்றது. அப்போதுதான் அவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது நினைவு வந்தது.

இன்ஸ்பெக்டர் துவக்கை வாங்கினார். ஒரு விரலால் குழலைக் கழற்றினார், பூட்டினார். திரும்பவும் கழற்றினார். "பம் மட்டுமா, மாஸ்டர்?"

"பம் மட்டும்தான் சேர்." பத்தொன்பது.

"பொய் சொல்ற ஆளு மாதிரி பாக்காதீங்க சார்!" என்று மாயாண்டி குறுக்கே விழுந்தான். நல்லது செய்வதாகத்தான் அவன் நினைப்பு. "அண்ணன் சும்மா தன்னடக்கமாப் பேசுறாரு. முழு வன்னியிலயும் இந்தக் கைக்கு ஆளில்லீங்க!"

குகதாசன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் அவனுக்கு வந்த சந்தோஷம் பெரியது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பல்லைக் கடித்தான். இன்ஸ்பெக்டர் அவன் முகத்தையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பொக்கற்றிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, அவனுடைய பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதினார். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"என்னத்துக்கு எழுதினவர்?" என்றாள் விமலேஸ்வரி.

"தெரியேல்லை."

"கோணலா வெட்டியிருக்கலாமெல்லே?"

"முயற்சி செய்தனான்," என்றான் அவன். அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. பஸ் தரிப்பிடத்தில் மாயாண்டி போர்வையை உட்காரும் வாங்கின்மேல் விரித்து, துவக்கை நடுவில் கிடத்தியிருந்தான். சுற்றி இருபது பேர் இருக்கும். "ஒரு வெரலு போதுங்க, திருகிப் பாருங்க! குகதாசண்ணன் வெட்டுனது! இந்தா, எதுத்த கடைதான்!" மரக்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் திருகிப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவர் திருகினார். பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. சாரதி என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சாரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றான்.