காலுறைப் பெரியப்பா

வாசல் மணி அடித்ததும் மெக்கானிக் பெரியப்பாவைப் பிடித்து அலமாரியின் மேல்தட்டுக்கு வீசினான். பெரியப்பா ஒரு பழைய சூட்கேசின் மேல் தலைகுப்புற விழுந்தார். நிஜப் பெரியப்பா, அதாவது மெக்கானிக்கின் அண்ணன், கதவுக்கு வெளியே நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே போனது அவரைப் போலச் செய்த காலுறைப் பொம்மை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வீட்டில் டிவி ஓடாது. கிழிந்த காலுறைகள், பொத்தான்கள், கம்பளி நூல் எல்லாம் தரையில் பரப்பப்படும். மனைவி துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள் என்பதால் பொத்தானுக்குப் பஞ்சமில்லை. அவள் மூக்கும் முழியும் தைப்பாள். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர்; தலைமுடி ஒட்டுவது அவள் பொறுப்பு. பாட்டுக் கட்டுவது மெக்கானிக். லிஃப்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும்போது அவனுக்கு எதுகையும் மோனையும் வரிசை கட்டி வரும். மேலே நிற்கும் கூட்டாளி, “என்னப்பா உள்ள முனகுற, அடி பட்டுடுச்சா?” என்று பதறிக் கேட்பதும் உண்டு.

வீட்டுக்காரர், சூப்பர்வைசர், போனை எடுத்தால் கீழே வைக்காத மனைவியின் அக்கா என்று எல்லாருக்கும் ஒரு பொம்மை இருந்தது, பொம்மைக்கு நாலு வரி இருந்தது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் வீட்டுக்கு வருகிறார்களோ அவருடைய பொம்மை மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும். “மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததத்தானே பாட்டா கட்டுறோம்” என்று மெக்கானிக் ஏதோ பெரிய தத்துவம் போலச் சொல்லிக்கொள்வான்.

அத்தனை பாட்டிலும் பெரியப்பா பாட்டுதான் முதலிடம். ஒரு மழை நாளில் அண்ணன் நனைந்த காலுறைகளை இங்கே உலர்த்திவிட்டு மெக்கானிக்கின் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சாம்பல் நிறக் காலுறைகள், பள்ளி வேன் ஓட்டுகிற அவருடைய யூனிஃபார்மோடு வந்தவை. திரும்பக் கேட்க அவருக்கும் தோன்றவில்லை, கொடுக்க இவர்களுக்கும் தோன்றவில்லை. அதிலொன்றில் மனைவி பழைய கோட்டுப் பொத்தானைத் தொப்பையாக வைத்துத் தைத்தாள். அன்று மெக்கானிக்குக்கு வரிகள் தானாகக் கொட்டின.

*தண்ணி மட்டும் போதும் என்பார்,*
*தட்டு வந்தால் மௌனம் ஆவார்;*
*பசியே இல்லை பாரேன் என்பார்,*
*பானை காலி! பயணம் போவார்.*

அண்ணனுடைய கரகரத்த குரலிலேயே அவன் அதைச் சொல்லிக் காட்டினான். மனைவி சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு யாராவது தண்ணீர் கேட்டாலே வீட்டில் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இன்று அண்ணன் வழக்கம்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வேன் கதையை ஆரம்பித்தார். பின் சீட்டில் தூங்கிப்போன ஒரு பொடியன் எழுந்து, வீட்டுக்குப் போகமாட்டேன், வேனிலேயே இருந்துவிடுகிறேன் என்று அடம் பிடித்தானாம். மனைவி சாப்பாட்டுப் பாத்திரங்களை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். வாலு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வந்து நின்றாள்.

“பெரியப்பா, கண்ண மூடுங்க. உங்களுக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்.”

மெக்கானிக் சட்டென்று அலமாரியைப் பார்த்தான். பொம்மை சூட்கேசின் மேல் பத்திரமாகத்தான் கிடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பினால், மகளின் கையில் இன்னொரு பெரியப்பா. அதே சாம்பல் நிறம், அதே மீசை. தொப்பைக்கு இவள் தன்னுடைய சட்டைப் பொத்தானையே பிய்த்து வைத்திருந்தாள். காலுறை என்றால் ஜோடியாகத்தான் வரும் என்பது, குழியிலும் குடைந்து பழுதைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்கின் புத்திக்கு எட்டவே இல்லை.

“வாலு, அப்புறம்...” என்று அவன் எழுந்தான். அதற்குள் பொம்மை வாயைத் திறந்துவிட்டது. அவன் சொல்லிக் காட்டிய அதே கரகரப்போடு, ஓரிடத்திலும் தட்டாமல், நாலு வரியையும் பிள்ளை சொல்லி முடித்தாள். அவளைப் பொறுத்தவரை அது இந்த வீட்டின் மிகச் சிறந்த பாட்டு. தனக்கு மிகவும் பிடித்த பெரியப்பாவுக்கு அவள் அதைவிட வேறு எதைக் கொடுப்பாள்?

அண்ணன் கண்ணைத் திறந்து பொம்மையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரும் வரை, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

“யாரு கட்டுனது?”

“அப்பா!” என்றாள் வாலு, பெருமை தாங்காமல்.

“மௌனம் ஆவார்... நல்லாருக்குடா. நான் வாய் ஓயாம பேசுவேன், தட்டு வந்தா நிறுத்திடுவேன். கவனிச்சிருக்க.”

காது மடல் வரை சூடேறியது மெக்கானிக்குக்கு. ஆனாலும் அந்த ஒரு நொடியில், பாராட்டைக் கேட்டு உள்ளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைத்ததும் அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மனைவி அவசர அவசரமாகத் தட்டை வைத்தாள். “சும்மா விளையாட்டுக்கு... நீங்க உக்காருங்க, ஆறிடப் போகுது.”

“இல்லம்மா. தண்ணி மட்டும் போதும்.”

யாரும் சிரிக்கவில்லை. வாலு மட்டும் கைதட்டினாள், பெரியப்பாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று. அவர் டம்ளரை எடுத்து, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தார். மெக்கானிக் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்து தட்டுப் பக்கம் கை போகும், போய்விட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். கை போகவில்லை. அண்ணன் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் பொம்மையை வாங்கிச் சட்டைப் பைக்குள் தலை தெரியும்படி செருகிக்கொண்டு கிளம்பினார். தட்டு மேசையிலேயே காய்ந்தது.

“நான் அப்பவே சொன்னேன், வேணாம்னு” என்றாள் மனைவி, வாலு தூங்கப் போன பிறகு.

“எப்ப சொன்ன?”

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. பாத்திரங்களை மூடி வைத்துவிட்டு, “அவங்க வீட்டுல யாரு சமைக்கிறா?” என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டாள். இருவருக்கும் விடை தெரியும். அண்ணி இருந்த காலத்தில் இவர்கள்தான் வாரா வாரம் அங்கே போய் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அண்ணி யாருக்கும் பாட்டுக் கட்டவில்லை. அவளுடைய காரியம் முடிந்து வந்த நாளுக்குப் பிறகு மெக்கானிக் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. அண்ணன்தான் இங்கே வருகிறாரே என்று விட்டுவிட்டான். வருகிறவர் ஏன் வருகிறார் என்பதை எதுகையோடு கண்டுபிடித்தவனுக்கு, அதற்கு மேல் ஒரு வரி யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மேல்தட்டில் இருந்த பொம்மையை எடுத்துப் பிரித்துப் போடப் போனான். முகமெல்லாம் பொத்தானாக அது அவனையே பார்த்தது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. போன் செய்தால், “வண்டிய சர்வீசுக்கு விட்டிருக்கேன்டா, அடுத்த வாரம் பாப்போம்” என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது. வாலு வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்து ஓய்ந்துபோய், “என் பாட்டு அவருக்குப் புடிக்கலயாப்பா?” என்று கேட்டாள். மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டான். மனைவி சாப்பாட்டைக் கட்டித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றான். சாப்பாட்டோடு போனால் பாட்டுக்கு ஐந்தாவது வரி எழுதினது மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பான். படியேறும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மன்னிச்சிடுங்கண்ணே. விளையாட்டா பண்ணிட்டேண்ணே. எதுவும் வாயில் நிற்கவில்லை.

கதவைத் திறந்த அண்ணன் பனியனோடு நின்றார். “அட, வாடா” என்று உள்ளே கூட்டிப்போனார். அண்ணி இருந்தபோது இரைச்சலாக இருந்த சமையலறையில் இப்போது ஒரு அடுப்பும் ஒரு சட்டியும் மூடியும்தான் கண்ணில் பட்டன. மேடையில் கவிழ்த்து வைத்த டம்ளரின் மேல் காலுறைப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரே ஒரு தட்டு.

“சாப்டியாடா?”

மெக்கானிக் வாயைத் திறந்தான். இத்தனை நாள் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன நாக்கு, அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

“தண்ணி மட்டும் போதும்ணே.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. தரைக்குள் புதைந்து போய்விடலாம் போல இருந்தது. அண்ணன் பொம்மையை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்தார். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினார். குனிந்து, மேடைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியை இழுத்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த இன்னொரு தட்டை வெளியே எடுத்தார். குழாயைத் திறந்துவிட்டு அதைத் தேய்க்கத் தொடங்கினார். நெடுநாள் தூசி போலிருக்கிறது, தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தட்டு ஈரம் சொட்டச் சொட்ட மெக்கானிக்கின் முன்னால் வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை.