பன்னிரண்டு நாள் தண்ணீர்

"அழுக்குத் தண்ணிய எங்க ஊத்துவே, மகளே?"

வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி தய்யிப் வஹீபாவிடம் கேட்டது இது ஒன்றுதான். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மலைக்குக் கீழே, காய்ந்த ஓடையைத் தாண்டி ஊற்றுவேன் என்றாள். தலையசைத்தார். குர்னா ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். இந்த மலைக்குள் இருக்கும் களிப்பாறை காய்ந்திருக்கும்வரை கல். தண்ணீர் பட்டால் பிசைந்த மாவு போல உப்பிவிடும்.

கிழக்கு வெளுக்கும்போதே நாற்பது ஆண்கள், தோண்டிக்கொண்டிருந்த பழங்காலக் கல்லறையின் வாசலிலிருந்து சரிவுவரை வரிசையாக நின்று, டயர் ரப்பர்க் கூடைகளைக் கைமாற்றுவார்கள். சுண்ணாம்புத் தூள் பல்லில் நறநறக்கும். உள்ளே தோண்டுகிற ஷாஸ்லி பாட்டெடுப்பான். நடுவே, "மெதுவாடா, உள்ள தூங்குற பிரபு எந்திரிச்சு அவரும் கூலி கேட்டுடப் போறாரு" என்பான். வாசலுக்கு மேலே பாறை நிழலில் குந்தி, வஹீபா உள்ளிருந்து வரும் பழைய பானை ஓடுகளைக் கழுவுவாள்.

அழுக்குத் தண்ணீர் சுமந்த கழுதையை, செலவு அதிகம் என்று ஒப்பந்தக்காரர் ரம்ஸி நிறுத்தினார். ஓடுகள் வருவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு வாளியோடு ஒருமுறை இறங்கி ஏறுவதற்குள் குவியல் முழங்காலுக்கு வந்துவிடும். முதல் நாள் ஒரே ஒரு வாளியைத்தான் பாறைக்குப் பின்னாலிருந்த வெடிப்பில் சாய்த்தாள். யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. அதோடு சேர்த்துப் பன்னிரண்டு நாள் அங்கேயே ஊற்றினாள்.

பதின்மூன்றாம் நாள் உள்ளறைக் கூரை இறங்கி ஷாஸ்லியின் காலை நசுக்கிவிட்டது. கதவுப் பலகையில் கிடத்தி ஆற்றுக்கு அக்கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் விடியலில் ரம்ஸி ஒரு தாளோடு வந்தார். உத்தரவை மீறி ஷாஸ்லி தானாக உள்ளே போனான் என்று எழுதியிருந்தது. எல்லாரும் கைநாட்டு வைத்தால் வேலை தொடங்கும். ஷாஸ்லியின் மனைவி அதீயாத், தலையில் போர்த்த கறுப்புத் துணியின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"கூரையத் தாங்க முட்டுக்கட்டை நாலு கேட்டோம், உஸ்தாத். ரெண்டு குடுத்தீங்க" என்றார் தய்யிப்.

"பக்கத்துக் கல்லறையில ரெண்டுதான் நிக்குது. இங்க மட்டும் ஏன் விழுந்துது? மழையா பேஞ்சுது?"

வஹீபா எழுந்தாள். அத்தனை ஆண்கள் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

"நான்தான் ஊத்துனேன். அந்த வெடிப்புல. பன்னிரண்டு நாள்."

ரம்ஸியின் முகம் தெளிந்தது. தாளைத் திருப்பிப் பேனாவைத் திறந்தார். "நல்லதாப் போச்சு. இவ பேரையும் எழுதிடுவோம்."

தய்யிப் அவளைப் பார்த்தார். "தெரிஞ்சே செஞ்சிருக்கே, மகளே. சின்னத் தப்பில்ல இது." பிறகு ரம்ஸி பக்கம் திரும்பினார். "எழுதுங்க, உஸ்தாத். கழுதைய நிறுத்தினது யாருன்னும் அதே தாள்ல எழுதுங்க. கட்டையக் குறைச்சது யாருன்னும் எழுதுங்க. கைநாட்டு வைக்கிறோம்."

"நாளைக்கே வேற ஆள் வருவான்."

"வரட்டும். கூரையக் காட்டிட்டு உள்ள போகச் சொல்லுங்க."

ஒருவன் தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். அடுத்தவனும் கவிழ்த்தான். சரிவுவரை நாற்பது கூடைகளும் கவிழ்ந்தன. ஷாஸ்லி மேல் போட்ட பழியை எடுக்கும்வரை, கட்டையும் கழுதையும் வரும்வரை எழுவதில்லை என்றார்கள். ரம்ஸி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

வஹீபா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அதீயாத் அவளை நோக்கி ஏறி வந்தாள். கன்னத்தில் அறை விழும் என்று வஹீபா கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. திறந்தபோது, முந்தின நாள் கழுவிய சாம்பல்நிறத் தண்ணீர் நிறைந்த வாளியை அதீயாத் குனிந்து தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த ஓடையைப் பார்த்து இறங்கிப் போனாள்.